பெனிட்டாவுக்கு வந்தது காய்ச்சல் அல்ல

இயேசு மரி சூசை துணை

லிங்கராஜபுரம்,
பெங்களூர் - 84.
19-7-1998

அன்பு மகள் பிரிஜெட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஷங்கரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதா காக்கவேண்டும். இங்கே உன் மகள் பெனிட்டா சுகம். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மேற்கொண்டு படிக்கும்போது உனக்கு நெஞ்சு அடைத்தால் இந்த வரிக்குத் திரும்பி வந்து மறுபடி படித்துக்கொள், பிள்ளை சுகமாக இருக்கிறாள். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்தக் கடிதத்தைப் படிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி. உன் அம்மாவும் சுகம், கால் வீக்கம் மட்டும் குறையவில்லை. பெங்களூரில் மூன்று வாரமாக மழை விடவில்லை, நம் தெரு சாக்கடை இரண்டு முறை வாசல்வரை ஏறி வந்தது, கார்ப்பரேஷன்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பவுலின் சித்தி முழங்கால் வலிக்குக் கேரளத்து எண்ணெய் ஏதோ போடுகிறாள், கொஞ்சம் தேவலை என்கிறாள். அம்மாவும் பெனிட்டாவும் இப்போது பொம்மனஹள்ளியில் அவள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மழையில் நம் வீடு ஒழுகுகிறது என்று அம்மா உனக்குப் போனில் சொன்னாள். வீடு ஒழுகுவது உண்மை. அவர்கள் போனது அதற்காக இல்லை.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டு எனக்கென்று கடைசியில் தனியாக எழுதியிருந்தாய். பெனிட்டா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அப்பா பக்கத்தில் இருந்தார் என்று அம்மா சொன்னார்கள், அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் அப்பா, என்று. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாளாக அலைகிறேன். வேலைக்குப் போகிற இடமா, கோயிலா, எங்கே போனாலும் அது பையில் இருக்கிறது. அந்த நன்றி எனக்குச் சேர வேண்டியது அல்ல. பெனிட்டாவுக்கு வந்தது காய்ச்சல் அல்ல. நான் கொடுத்ததைக் குடித்துத்தான் அவள் அந்த நிலைக்குப் போனாள். உன் காண்ட்ராக்ட் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்து விடுவாய் என்று அம்மா மறைத்தாள். அவளைக் கோபிக்காதே. இன்று காலை பூசைக்குப் பிறகு பொம்மனஹள்ளிக்குப் போய் அவளிடம், பிரிஜெட்டுக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை தண்ணீர் மாற்றினாள். பிறகு, "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க. உங்களுக்குத் தோதானத மட்டும் எழுதாதீங்க" என்றாள். அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கோயிலில் மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கு முன்னால் என்னை நிறுத்தி, இனிமேல் சாராயம், பிராந்தி, பீர் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாய். அந்தச் சத்தியத்தை இன்றுவரை நான் மீறவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஃபாக்டரி மூடி, வீட்டோடு உட்கார்ந்த பிறகு பகல் பொழுது என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா ஏழரை மணிக்குக் கான்வென்ட் ஹாஸ்டல் சமையலுக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். நானும் பெனிட்டாவும்தான். பிள்ளை தூங்கிவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருஷம் நவம்பரில் முனியப்பனை டீக்கடையில் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு லேத்தில் நின்ற ஆள், உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட நின்றவர். அவரும் குடியை விட்டிருந்தார், ஆனால் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். "ஜாதிக்காய்ண்ணே. ஊட்ல மசாலா டப்பாலயே கெடக்குது. வாசனையே வராது, ஊட்ல ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. கொழந்தைக்கு ஒரசிக் குடுக்குற சாமான்தானே, இன்னா பண்ணிடப் போவுது" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கி வைத்திருந்தது அலமாரியில் இருந்தது.

எப்படிச் சாப்பிட்டேன், எவ்வளவு என்பதை எழுதமாட்டேன். கடிதம் யார் கைக்கும் போகலாம். என்ன ஆனது என்பதை மட்டும் எழுதுகிறேன். முதல் நாள் மணிக்கணக்காக ஒன்றுமே ஆகவில்லை. முனியப்பன் கதை விட்டிருக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அதுதான் அந்தப் பொருளின் வஞ்சகம், அது உடனே வருவதில்லை, வரும்போது மொத்தமாக வருகிறது. மத்தியானத்துக்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தொண்டை மணலாகவே இருந்தது. நெஞ்சு ஃபாக்டரி பிரஸ் மாதிரி அடித்தது. என் கையைப் பார்த்தால் யாருடைய கையோ மாதிரி இருந்தது. சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன், பயத்தில் ஜெபமாலை சொன்னேன், எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து முதலிலிருந்து சொன்னேன். மறுநாளும் எழுந்து நிற்க முடியவில்லை, வாந்தி, வயிறு கல்லாக இருந்தது. அம்மா ஃப்ளூ என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தாள். இதில் சுகம் எங்கே இருக்கிறது, பிறகு ஏன் மறுபடி தொட்டாய் என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் கேட்டாள், டாக்டரும் கேட்டார். அந்த நேரத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் நான் இல்லாத மாதிரி இருந்தது, அது போதுமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆரம்பித்து மூன்று நாள் ஆயிற்று. வீட்டு டப்பா காலியானதும் சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கினேன். கடை பாய், "ஷாதி பிரியாணியா சாப், இவ்ளோ கேக்கிறீங்க" என்று கேட்டார். ஆமாம், மகள் வீட்டு விசேஷம் என்றேன். உன்னைச் சொல்லிப் பொய் சொல்லித்தான் வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச்சில் முனியப்பன் ஹென்னூர் ரோடு தாண்டும்போது பஸ்ஸில் அடிபட்டார். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "பஸ் வந்தது தெரிஞ்சுதுண்ணே. ஆனா எங்கியோ தூரத்துல வர மாதிரி இருந்துது, அதான் நடந்தேன்" என்றார். அவர் மனைவி சந்திரம்மா பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா பிரிஜெட், விட்டுவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன், பெனிட்டா தூங்கினாள், அலமாரியைத் திறந்தேன்.

இப்போது ஜூன் பதினெட்டாம் தேதிக்கு வருகிறேன், வியாழக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் நீ பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தாய், பெனிட்டா உன் குரலைக் கேட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து அம்மாகிட்ட போகணும், போன் வீட்டுக்குப் போகணும் என்று ஒரே அழுகை. தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்தேன், பொம்மை கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், நிற்கவில்லை. அன்றைக்கு நான் காலையிலேயே சாப்பிட்டிருந்தேன், அது வரப்போகிறது என்று காத்திருந்தேன், வரும்போது பிள்ளை அழுதுகொண்டிருந்தால் என்னால் தாங்கமுடியாது என்ற ஒரே எண்ணம். அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தால் தூங்கிவிடுவாள் என்று தோன்றியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா உரைகல்லில் ஜாதிக்காயை ஒரே ஒரு இழுப்பு இழுத்து, பாலில் கலந்து நாக்கில் தடவுவாள், அதுதானே என்று நினைத்தேன். அம்மா கொடுத்தது கல்லில் ஒரு இழுப்பு. நான் கொடுத்தது அது அல்ல. எனக்கென்று வைத்திருந்த பொடியிலிருந்து எடுத்தேன். சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்தாள், கசக்குது தாத்தா என்றாள். குடித்தால் அம்மாவுக்குப் போன் போடலாம் என்று சொல்லிக் குடிக்க வைத்தேன்.

சீக்கிரமே தூங்கிவிட்டாள், அழுது களைத்துத் தூங்கினாளோ என்னவோ. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, யாரோ வேறு வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா மூன்று மணிக்கு வந்தபோது பெனிட்டா தரையில் கிடந்தாள். முகம் சிவந்து கொதித்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, கவுனைப் பிய்த்துப் பிய்த்து எறும்பு எறும்பு என்றாள், ஒரு எறும்பும் இல்லை. அம்மாவைப் பார்த்தும் யாரென்று தெரியவில்லை. அம்மா தூக்கிய மாத்திரத்தில் உடம்பு விறைத்து ஒரு தடவை வலிப்பு வந்தது. அம்மா போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அம்மா, "காலையில நல்லாத்தானே இருந்தா, என்ன ஆச்சு, என்ன சாப்ட்டா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிஸ்கட் என்றேன்.

குழந்தைகள் வார்டில் சின்ன வயது லேடி டாக்டர். கன்னடத்தில் கேட்டார், பிறகு எங்களுக்காகத் தமிழில் கேட்டார். "வீட்ல மாத்திரை ஏதாவது எடுத்து வாயில போட்டாளா? எலி மருந்து, மண்ணெண்ணெய், செடி, காய், எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்டமாட்டேன்" என்றார். காய் என்ற சொல் காதில் விழுந்தது. ஒன்றும் இல்லை என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், என் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறுவதையும் கவனித்தார். நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு உன் அம்மா பதில் சொன்னாள். "அவர் ரெண்டு வருஷமா தொடுறதே இல்ல டாக்டர். பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார். பேத்திய அவர்தான் வளக்கிறார்" என்றாள். நிமிர்ந்து நின்று சொன்னாள். நான் தரையில் இருந்த மொசைக் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன். போலீஸ் வரும் என்று பயந்தேன், அதைவிட உன் அம்மா முகத்துக்குப் பயந்தேன். அப்படியானால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அது என்னவென்று நர்ஸான உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆள் போதவில்லை என்று என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இறால் மாதிரி வளைத்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தைப் பிடித்தார், நான் இரண்டு காலையும் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. தாத்தா, தாத்தா என்று என்னைத்தான் கூப்பிட்டாள், காப்பாற்றச் சொல்லி. நான் பிடியை விடவில்லை. ஊசி முதல் தடவை சரியாகப் போகவில்லை, இரண்டாவது தடவை குத்தினார்கள். இதற்கு அவசியம் இல்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும் பிரிஜெட். தெரிந்தும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் டாக்டர் பின்னாலேயே போய் வராந்தாவில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு, எதில் கலந்து என்று கேட்டு எழுதிக்கொண்டார், ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லவைத்தார். பிறகு, "இத நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா அந்த ஊசிக்கு வேலையே இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இதற்கென்று தனியாக மாற்று மருந்து ஒன்றும் கிடையாதாம். டிரிப் ஏற்றி, வலிப்பு வராமல் மருந்து கொடுத்து, நெஞ்சுத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். என்னையும் பிடித்துப் பரிசோதித்தார்கள். என் துடிப்பு தாறுமாறாக இருந்தது என்று ஆண்கள் வார்டில் படுக்கப் போட்டார்கள். ஆக, மூன்று நாளில் முதல் நாள் முழுவதும் நான் பெனிட்டா பக்கத்திலேயே இல்லை. அம்மா தனியாக இருந்தாள். அவளிடம் டாக்டரே சொல்லிவிட்டார். அம்மா என் கட்டிலுக்கு வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் உங்களுக்காகப் பேசினப்ப என் மூஞ்சியப் பாத்தீங்களா" என்று கேட்டாள். இல்லை என்றேன். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனிட்டா உன் அம்மாவை அடையாளம் கண்டு பால் கேட்டாள். சனிக்கிழமை உட்கார்ந்தாள். ஞாயிறு வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் நடை தள்ளாடியது, இப்போது இல்லை. மூளைக்கோ இருதயத்துக்கோ பாதிப்பு இல்லை என்று திரும்பவும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ நர்ஸ், எனக்கு எழுதத் தெரியாதது அதில் இருக்கும். கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற அந்த ஒரு இழுப்பும் வேண்டாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார், அதைச் சித்தி தெருவில் எல்லோருக்கும் சொல்லி வருகிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பெனிட்டா என் மடியில் உட்காருகிறாள், கதை கேட்கிறாள், ஆனால் என் கையால் எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. போன ஞாயிறு வாழைப்பழம் உரித்து நீட்டினேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பவுலின் சித்தி அதை என் கையிலிருந்து வாங்கி அவளுக்குக் கொடுத்தாள், சாப்பிட்டாள்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. இதை நீ நம்பவேண்டும் என்று எழுதவில்லை, என் வார்த்தைக்கு என்ன விலை என்று எனக்கே தெரியும். புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் குடி நிறுத்தும் பிரிவுக்குப் போகிறேன், இதற்கும் அங்கேதான் பார்க்கிறார்கள். முதல் நாள் மற்றவர்கள் முன்னால் ஜாதிக்காய் என்று சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஒருவர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். காக்ஸ் டவுனில் ஒரு குடோனில் பகல் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பிள்ளையோடு நான் தனியாக இருக்கக்கூடாது என்பது உன் அம்மா சொன்னது, நானும் அதுதான் சரி என்கிறேன். இனி பெனிட்டா எங்கே வளரவேண்டும், நான் அவளைப் பார்க்கலாமா கூடாதா என்பதை நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எதுவானாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். கூடுமானால் காண்ட்ராக்டை முடித்துவிட்டு வா, பிள்ளை பத்திரமான கைகளில்தான் இருக்கிறாள்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அப்பாவாகச் சொல்லவில்லை, அந்த வராந்தாவில் நின்றவனாகச் சொல்கிறேன். உன் வார்டுக்கு இப்படி ஒரு பிள்ளை வந்தால் வீட்டு ஆட்களை ஒன்றாக நிறுத்திக் கேட்காதே. ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேள். சமையல் அறையில் என்னென்ன இருக்கிறது என்று கேள். மனைவிக்கு முன்னால் வாயே திறக்காதவன் தனியாகக் கேட்டால் சொல்லிவிடக்கூடும். என்னை யாராவது தனியே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை பொம்மனஹள்ளிக்குப் போன் பண்ணும்போது நான் அங்கே நிற்கமாட்டேன், என்னிடம் பேசவேண்டும் என்ற கட்டாயம் உனக்கு வேண்டாம். மாப்பிள்ளையிடம் மறைக்காதே, மறைத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நடக்காதே. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஊருக்கு வரும்போது நெற்றியில் போடும் சிலுவையை அம்மா கையால் வாங்கிக்கொள், நான் தூரத்திலிருந்து ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. பெனிட்டா பெரியவளாகி, தன் முதுகில் எதற்கு ஊசி போட்டார்கள் என்று கேட்டால், நீ ஒன்றும் சொல்லவேண்டாம், இதை அவள் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. ஆம்ப்ரோஸ்